மைன்கிராஃப்ட் பவளத்திட்டு: மூச்சைக் கணக்கிட்டு இறங்கிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எல்லாமே கனசதுரக் கட்டங்களால் ஆன வீடியோ விளையாட்டு மைன்கிராஃப்ட். அதில் பவளத்திட்டைத் தேடிப் போகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலே திரும்பி வருகிறார்கள். படகிலிருந்து குதிக்கிறார்கள். கலங்கலாக ஏதோ நிறங்கள் தெரிகின்றன. மூச்சைக் காட்டும் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைவதைக் கண்டு பதறி மேலே வந்துவிடுகிறார்கள். நானும் முதல் சில தடவை அப்படித்தான் செய்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. ஜாவா பதிப்பில் (கணினியில் ஆடும் மூலப் பதிப்பு) தண்ணீருக்குள் தலை போனதும் பார்வை மங்கலாகத்தான் இருக்கும். உள்ளேயே இருக்க இருக்கத் தெளியும். முழுதாகத் தெளிய 30 வினாடி ஆகும். எந்த உதவியும் இல்லாமல் நம்மிடம் இருக்கும் மூச்சோ 15 வினாடிதான். மேலே வந்து தலையை நீட்டிவிட்டால், தண்ணீருக்குப் பழகிய கண் மூன்றே வினாடியில் பழைய நிலைக்குப் போய்விடும். அடுத்த முறை இறங்கும்போது மறுபடி மங்கலிலிருந்து ஆரம்பம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் எல்லாமே ஒரு குறியை நோக்கித்தான்: தண்ணீருக்குள் தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் இருப்பது. கவசமும் மருந்தும் உயிர் பிழைக்க என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவை கண்ணுக்காக. எண்கள் எல்லாம் ஜாவா பதிப்பை வைத்துச் சொல்கிறேன். கைபேசி, கன்சோல் போன்றவற்றில் ஓடும் பெட்ராக் பதிப்பில் சில இடங்களில் மாறும், வழிமுறை மாறாது.

முதலில் சரியான கடலைக் கண்டுபிடியுங்கள்

பவளம் எல்லாக் கடலிலும் இருக்காது. உறைகடல், குளிர்கடல், சாதாரணக் கடல், வெதுவெதுப்பான கடல், வெப்பக் கடல் என்று ஐந்து வகையில் கடைசி ஒன்றில்தான் பவளத்திட்டு உருவாகும். இந்தக் கடல்கள் 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பில் சேர்ந்தவை. அதற்கு முன் தொடங்கிய பழைய உலகத்தில் விளையாடுகிறீர்கள் என்றால், ஏற்கெனவே சுற்றிய கடலில் தேடிப் பயனில்லை. இதுவரை கால் வைக்காத பகுதிக்குப் போனால்தான் புதிய கடல் உருவாகும்.

1.18க்குப் பிறகு தொடங்கிய உலகம் என்றால் தேடல் இன்னும் சுலபம். நிலத்தின் வெப்பமும் கடலின் வெப்பமும் இப்போது ஒரே கணக்கில் வருகின்றன. பாலைவனமோ பேட்லேண்ட்ஸ் என்ற செம்மண் நிலமோ கடலைத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து படகை விடுங்கள். பனிக்கரையிலிருந்து கிளம்பினால் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். நான் ஒரு உலகத்தில் பனிக்காட்டை ஒட்டி வீடு கட்டிவிட்டு, அங்கிருந்தே கடலில் இறங்கி, விளையாட்டுக் கணக்கில் மூன்று நாள் துடுப்புப் போட்டேன். கிடைத்ததெல்லாம் பனிக்கட்டி. நிலத்தில் திரும்பி நடந்து, மணல் தெரிந்த கரையிலிருந்து மறுபடி கிளம்பியபோது ஒரே பகலில் கிடைத்துவிட்டது.

படகில் போகும்போது மூன்று அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். தண்ணீரின் கரும்நீலம் குறைந்து, பச்சை கலந்த வெளிர்நீலமாக மாறும். வண்ணமீன் கூட்டங்கள் தென்படும். ஆனால் மீனை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள், வெதுவெதுப்பான கடலிலும் அவை உண்டு. மூன்றாவது அடையாளம்தான் உறுதியானது: கெல்ப் நின்றுபோகும். அடியிலிருந்து மேல்மட்டம் வரை நீண்டு ஆடும் அந்தப் பாசிக்கொடி வெப்பக் கடலில் முளைப்பதில்லை. வண்ணமீன் இருக்கிறது, கீழே மணல் தெரிகிறது, கெல்ப் ஒன்றுகூட இல்லை என்றால் படகை மெதுவாக்குங்கள். மேலிருந்தே சிவப்பும் மஞ்சளும் கண்ணில் படும்.

லொகேட் கட்டளை போட்டு ஒரு நொடியில் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம்தான். முதல் முறை அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நிறம் மாறிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு போவதிலேயே பாதி சுகம் இருக்கிறது.

கையில் என்ன வேண்டும்

மிகக் குறைவாக என்றால் ஒரு படகு, சாப்பாடு, ஒரு வாள், ஐந்தாறு மரக்கதவுகள். கதவு எதற்கு என்று கேட்கலாம். தண்ணீருக்கடியில் கதவை வைத்தால் அது நிற்கும் இரண்டு கட்ட உயரத்துக்குள் தண்ணீர் வராது. அந்த இடத்துக்குள் நுழைந்து நின்றால் மூச்சு நிரம்பும். 6 பலகைக்கு 3 கதவு. என்சான்ட்மென்ட் (கருவியிலும் கவசத்திலும் ஏற்றும் மந்திரசக்தி), போஷன் (காய்ச்சிய மருந்து) எதுவும் இல்லாத ஆரம்பக் கட்டத்தில் இதைவிட மலிவான மூச்சு கிடையாது. ஒரு குறை உண்டு: கதவுக்குள் தலை நுழைந்ததும் கண் பழக்கம் போய்விடும். அதனால் இது பாதுகாப்புக்கு மட்டும்.

அடுத்த நிலை தலைக்கவசம். ரெஸ்பிரேஷன் என்சான்ட்மென்ட் ஒவ்வொரு நிலைக்கும் சராசரியாக 15 வினாடி கூட்டும். மூன்றாம் நிலை இருந்தால் மொத்தம் சுமார் 60 வினாடி. அப்படியானால் கண் முழுதாகத் தெளிந்த பிறகும் அரை நிமிடம் மிஞ்சும். பவளத்திட்டைச் சுற்றிப்பார்க்க நான் பரிந்துரைக்கும் குறைந்தபட்சம் இதுதான். ஆமை ஓடு கிடைத்தால் இன்னும் நல்லது. அது தன் பங்குக்கு 10 வினாடி நீர்மூச்சு தரும், அதன் மேலேயே ரெஸ்பிரேஷனையும் ஏற்றலாம். குட்டி ஆமைகள் வளரும்போது உதிர்க்கும் செதில் ஐந்து சேர்ந்தால் ஓடு தயார். பொறுமை வேண்டிய வேலை. கடற்கரையில் ஆமைகளுக்குக் கடல்புல் கொடுத்து முட்டையிட வைத்து, குஞ்சுகள் பெரிதாகும் வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிலை போஷன். நெதர் வார்ட் என்ற செடியைப் போட்டுக் காய்ச்சிய ஆக்வர்ட் போஷன் என்ற அடிப்படை மருந்தில் ஒரு பஃபர்ஃபிஷ் (பேத்தை மீன்) சேர்த்தால் 3 நிமிட நீர்மூச்சு. அதில் ரெட்ஸ்டோன் தூள் சேர்த்தால் 8 நிமிடம். இதோடு தங்கக் கேரட் போட்டுச் செய்யும், இருட்டிலும் பார்வை தரும் நைட் விஷன் போஷனும் இருந்தால் கண் பழகக் காத்திருக்கவே தேவையில்லை, இறங்கிய உடனே எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனாலும் முதல் முறை நைட் விஷன் இல்லாமலே போய்ப் பாருங்கள். மங்கலிலிருந்து நிறங்கள் மெல்ல மெல்ல வெளிவரும் அந்த அரை நிமிடத்தை இழக்க வேண்டாம். இன்னொன்று: பஃபர்ஃபிஷ் அந்தத் திட்டிலேயே கிடைக்கும். எனவே முதல் பயணம் கவசத்தோடு, இரண்டாவது பயணம் போஷனோடு என்று வைத்துக்கொண்டால் வேலை இயல்பாக ஓடும்.

காலணியில் டெப்த் ஸ்ட்ரைடர் இருந்தால் நீருக்குள் நகர்வது வேகமாகும். பவளம் எடுக்கும் எண்ணம் இருந்தால் தலைக்கவசத்தில் அக்வா அஃபினிட்டியும், சில்க் டச் (உடைத்ததை அப்படியே கையில் தரும் மந்திரசக்தி) ஏற்றிய பிக்காக்ஸும் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். வெறும் பக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்காத காட் அல்லது சால்மன் மீன் கொஞ்சம் வழியிலேயே பிடித்து வையுங்கள், வெப்பக் கடலில் அந்த இரண்டும் கிடைக்காது. எதற்கு என்பது டால்பினைப் பார்க்கும்போது தெரியும்.

இடத்தைக் குறித்துவிட்டு இறங்குங்கள்

திட்டைக் கண்டதும் குதிக்காதீர்கள். நீர்மட்டத்துக்கு மேல் மூன்று நான்கு கட்டம் தெரியும்படி ஒரு தூண் எழுப்பி, உச்சியில் ஒரு டார்ச் வையுங்கள். எஃப்3 அழுத்தி இடத்தின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழே போய்விட்டால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும். படகும் அலைந்து எங்கேயாவது போய்விடலாம், அதை அடையாளமாக நம்ப முடியாது.

முதல் முழுக்கில் எதையும் எடுக்க வேண்டாம், வெறுமனே பாருங்கள். தண்ணீருக்குள் ஓடும் பொத்தானை அழுத்தினால் உடல் கிடைமட்டமாகி நீச்சல் நிலைக்கு வரும். நிமிர்ந்து நின்று அசைவதைவிட இது எவ்வளவோ வேகம், ஒரு கட்ட உயரமுள்ள இடுக்கிலும் நுழையலாம். ஆனால் திட்டுக்கு மேலே வந்ததும் வேகத்தை விட்டுவிடுங்கள். நேராக அடிமணலுக்குப் போய் நின்று, சுற்றிலும் தலையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது சாயம் கொட்டியதுபோல் தெரிந்தது, கீழிருந்து பார்க்கும்போது காடாகத் தெரியும்.

மூச்சுக் கணக்கு இதுதான். குமிழ்கள் பத்து. கவசம் இல்லாவிட்டால் ஒரு குமிழுக்கு ஒன்றரை வினாடி. நான்கு குமிழ் மிச்சம் இருக்கும்போது திரும்பிவிடுங்கள். பத்தும் தீர்ந்த பிறகு வினாடிக்கு ஓர் இதயம் போகும், பத்து வினாடியில் கதை முடிந்துவிடும். மேலே தலையை நீட்டினால் 4 வினாடிக்குள் முழு மூச்சும் நிரம்பிவிடும், அதனால் அடிக்கடி மேலே வருவதில் நேரம் ஒன்றும் வீணாகாது. குகைபோல் கவிந்திருக்கும் பவளத்துக்கு அடியில் நுழையும்போது மட்டும் நான்கு குமிழ் போதாது. உள்ளே போகும் முன்பே வாயிலில் ஒரு கதவை வைத்துவிட்டுப் போங்கள்.

திட்டைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் குழப்பமாகத் தெரியும் அந்த நிறக்குவியலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

உருவங்கள் மொத்தம் மூன்று. ஒன்று மரம்: ஒரு அடித்தண்டு, அதிலிருந்து பிரிந்து மேலே போகும் கிளைகள். இரண்டாவது காளான்: பெட்டிபோல் உப்பிய, உள்ளே குடைந்த வடிவம். மூன்றாவது நகம்: பக்கவாட்டில் நீண்டு வளைந்து மேலே எழும் விரல்கள். ஒவ்வொரு உருவத்தின் கட்டங்களும் ஒரே வகைப் பவளத்தால் ஆனவை. அதன் தலையிலும் விலாவிலும் ஒட்டியிருக்கும் செடிகளும் விசிறிகளும் மட்டும் கலவையாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கண் திட்டைத் தனித்தனி உருவங்களாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தது. 'அதோ ஒரு மஞ்சள் மரம், அதன் மேல் சாய்ந்து ஒரு சிவப்பு நகம்' என்று சொல்ல முடியும்போதுதான் திட்டு மனதில் நிற்கிறது. வழி தவறாமல் இருக்கவும் அதுவே உதவும்.

வகைகள் ஐந்து. நீலம் குழாய்ப் பவளம், இளஞ்சிவப்பு மூளைப் பவளம், ஊதா குமிழ்ப் பவளம், சிவப்பு தீப் பவளம், மஞ்சள் கொம்புப் பவளம். ஐந்து பெயரும் உண்மைக் கடலிலிருந்து எடுத்தவை. இதில் தீப் பவளத்துக்கு ஒரு சுவாரசியம் உண்டு. நிஜத்தில் அது உண்மையான பவள இனமே அல்ல, ஹைட்ரோசோவா என்ற வேறு வகுப்பைச் சேர்ந்தது. தொட்டால் தீப்பட்டதுபோல் எரியும், அதனால் அந்தப் பெயர். விளையாட்டில் தைரியமாகத் தொடலாம்.

கட்டங்களின் மேலும் பக்கத்து மணலிலும் மங்கிய பச்சையில் குட்டிக்குட்டியாக நிற்பவை சீ பிக்கிள். ஒரு கட்டத்தில் ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். ஒன்று இருந்தால் ஒளி அளவு 6, இரண்டுக்கு 9, மூன்றுக்கு 12, நான்குக்கு 15. தண்ணீருக்குள் மட்டுமே ஒளிரும், வெளியே எடுத்து வைத்தால் இருட்டுதான்.

அப்புறம் மீன்கள். வண்ணமீன்களுக்கு 2 உடல்வடிவம், ஒவ்வொன்றிலும் 6 கோலம், உடலுக்கு 16 நிறம், கோலத்துக்கு 16 நிறம். பெருக்கிப் பார்த்தால் 3,072 வகை. அதில் 22 மட்டும் அடிக்கடி வரும், பெயரும் வைத்திருக்கிறார்கள். பக்கெட்டில் பிடித்துக் கர்சரை மேலே வைத்தால் அந்தப் பெயர் தெரியும். பெயர் வராமல் கோலமும் நிறமும் மட்டும் வந்தால் நீங்கள் பிடித்தது அரிய வகை. நான் ஒரு நோட்டில் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறேன். பார்த்த மீனைக் குறித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவேன். வீட்டுத் தொட்டிக்கு வேண்டுமென்றால் பக்கெட்டில் கொண்டுவந்து விட்ட மீன் தானாக மறைந்துபோகாது.

ஆபத்துகள்

பஃபர்ஃபிஷ் நீங்கள் நெருங்கினால் உப்பும், ஒட்டினால் விஷம் ஏறும். விலகிப் போனாலே போதும். விஷம் ஏறிவிட்டால் பால் குடித்து முறிக்கலாம், ஆனால் கவனம்: பால் எல்லா விளைவையும் சேர்த்து அழித்துவிடும். நீர்மூச்சுப் போஷனை நம்பி ஆழத்தில் இருக்கும்போது பால் குடித்தால் அந்த மூச்சும் போச்சு. மேலே வந்து குடியுங்கள்.

டிரவுண்ட்கள் (நீரில் மூழ்கிய ஸாம்பிகள்) பகலிலும் தண்ணீருக்குள் இருக்கும். டிரைடென்ட் என்ற திரிசூலம் ஏந்திய ஒன்று தூரத்திலிருந்தே எறியும். கேடயத்தை இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு பவள மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். டால்பினை மட்டும் தவறியும் அடிக்காதீர்கள். கூட்டமாக வந்து தாக்கும். அடிக்காதவரை அவை நல்ல தோழர்கள், பக்கத்தில் நீந்தினாலே உங்கள் நீச்சல் வேகம் கூடும்.

பவளத்தை எடுப்பதென்றால்

சில்க் டச் இல்லாமல் பவளத்தைத் தொடவே தொடாதீர்கள். சாதாரண பிக்காக்ஸால் கட்டத்தை உடைத்தால் கையில் வருவது சாம்பல் நிறச் செத்த கட்டம். செடியும் விசிறியும் ஒன்றுமே தராமல் அழியும். திட்டு தானாகத் திரும்ப வளராது. வெப்பக் கடலின் அடியில் போன் மீல் (எலும்புத்தூள் உரம்) தூவினால் கடல்புல்லோடு செடிகளும் விசிறிகளும் முளைக்கலாம், கட்டங்கள் மட்டும் வரவே வராது. ஒரு மரத்தை உடைத்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

எடுக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீருக்குள் உடைக்கும் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். காலைத் தரையில் ஊன்றாமல் மிதந்துகொண்டே உடைத்தால் மேலும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது மொத்தம் இருபத்தைந்து மடங்கு தாமதம். அக்வா அஃபினிட்டி முதல் குறையை நீக்கும், மிதப்பதால் வரும் குறையை நீக்காது. எனவே மணலிலோ பக்கத்துக் கட்டத்திலோ நின்றுகொண்டு உடையுங்கள். மூச்சு பாதியாவது மிஞ்சும்.

எடுத்த பவளத்தைத் தண்ணீர் தொடாத இடத்தில் வைத்தால் 3 முதல் 5 வினாடிக்குள் செத்துச் சாம்பலாகும். மறுபடி நீரில் போட்டாலும் உயிர் வராது. பவளக் கட்டத்தின் ஆறு பக்கத்தில் ஒரு பக்கமாவது தண்ணீரைத் தொட்டால் போதும், எந்தக் கடலின் தண்ணீராக இருந்தாலும் சரி. வீட்டில் அமைப்பவர்கள் முதலில் தொட்டியை நிரப்பிவிட்டு அதன் பிறகு பவளத்தை வையுங்கள். பல பேர் தலைகீழாகச் செய்துவிட்டு வருத்தப்படுகிறார்கள். என் வழக்கம், ஓர் உருவத்திலிருந்து ஒரு கட்டத்துக்கு மேல் எடுப்பதில்லை. உயிருள்ள பவளக் கட்டத்தின் மேல் ஒரு சீ பிக்கிளை வைத்து போன் மீல் போட்டால் சுற்றிலும் பரவும், திரும்பும் முன் அதையும் செய்துவிட்டு வருவேன்.

2018இல் இந்தப் பவளம் வந்த புதிதில், விளையாடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து நீருக்கடியில் 1 கோடி பவளக் கட்டம் வைத்தால், உண்மைக் கடலின் பவளத்தைக் காக்க தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்புக்கு 1,00,000 டாலர் தருவதாக ஒரு முயற்சி நடந்தது. இலக்கை எட்டினார்கள். அத்தனை பேரும் உடைப்பதற்குப் பதில் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவை

முன்பு பிடித்து வைத்த காட் அல்லது சால்மனை இப்போது டால்பினுக்குக் கொடுங்கள். அது உங்களை அருகிலுள்ள மூழ்கிய கப்பலுக்கோ இடிபாட்டுக்கோ அழைத்துப் போகும். வெப்பக் கடலின் இடிபாடுகள் மணற்கல்லால் ஆனவை, மணலோடு கலந்து நிற்பதால் நாமாகக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். பெட்டிகளை மட்டும் திறந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றியிருக்கும் மணலில் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும் கட்டங்கள் இருக்கும். 1.20 பதிப்பிலிருந்து அவற்றைப் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் ஓட்டுச் சில்லுகளோ, அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்னிஃபர் என்ற விலங்கின் முட்டையோ கிடைக்கும். இந்த முட்டை வெப்பக் கடல் இடிபாட்டில் மட்டுமே கிடைப்பது. அந்தக் கட்டத்துக்கு அடியில் இருப்பதைத் தோண்டிவிடாதீர்கள், கட்டம் கீழே விழுந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும்.

கப்பலிலோ இடிபாட்டிலோ புதையல் வரைபடம் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். அந்தப் புதையல் பெட்டியில் ஹார்ட் ஆஃப் த சீ என்ற அரிய பொருள் கட்டாயம் இருக்கும். அதோடு 8 நாட்டிலஸ் ஓடு சேர்த்தால் கண்டூயிட் என்ற, நீருக்குள் மூச்சும் பார்வையும் தரும் கருவி தயார். அதைச் சுற்றி 3×3×3 அளவு முழுக்கத் தண்ணீர் இருக்க வேண்டும், வெளியே பிரிஸ்மரைன் என்ற கடற்கல் கட்டங்களால் 5×5 சட்டம். ஒரு சட்டத்துக்கு 16 கட்டம், அது போதும் 32 கட்டத் தூரத்துக்கு வேலை செய்ய. மூன்று திசையிலும் சட்டம் போட்டு 42 கட்டம் ஆக்கினால் 96 கட்டம் வரை எட்டும். பிரிஸ்மரைனுக்கு ஆழ்கடல் மாளிகையோடு மோத வேண்டும், அது வேறொரு வழிகாட்டிக்கான விஷயம். ஆனால் திட்டின் நடுவில் ஒரு கண்டூயிட் வைத்துவிட்டால் மூச்சுக் கணக்கே கிடையாது, பார்வையும் உடனே தெளியும்.

ஆனால் கண்டூயிட் வைப்பதற்கு முன், நீர்மூச்சுப் போஷனோடு ஒரு காரியம் செய்யுங்கள். சூரியன் மறையும் வரை காத்திருந்து, டார்ச் எதுவும் எடுக்காமல் அடிமணலில் போய் நில்லுங்கள். மேலே நீர் கருத்துக்கொண்டே வரும்போது ஒவ்வொரு சீ பிக்கிளும் தன்னைச் சுற்றியிருக்கும் பவளத்தை மட்டும் எடுத்துக் காட்டும். பகலில் நூறு முறை கடந்துபோன மஞ்சள் மரத்தின் அடியில், அதுவரை நான் கவனிக்காத நீல விசிறி ஒன்று இருந்ததை அப்படித்தான் கண்டேன்.